தொண்ணூறாம் நம்பர் ஒயில்

மருதமுனை
12.11.1953

பேரன்புள்ள மச்சான் ஸலாஹுதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் உங்கள் தங்கை பரீனாவும் உம்மாவும் சுகம். கொழும்பு மழையில் உங்கள் உடம்பு எப்படி, கராஜில் குனிந்து நிமிர்ந்து வந்த முதுகு நோவு போய்விட்டதா என்று உம்மா கேட்கச் சொன்னார். உங்களுக்கு ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறார். இதை நான் எழுதியதாகச் சொல்லிவிட வேண்டாம்.

விஷயம் நான் வாடகைக்கு ஓட்டுகிற ஹயர் காரைப் பற்றியது. மூன்றாம் கியரில் ஓடும்போது கியர்ப் பெட்டி கொஞ்சம் ஊளையிடுகிறது. ஒயில் மாற்றுகிற காலமும் வந்துவிட்டது. காரோடு வந்த இங்கிலிஷ் புத்தகத்தைப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் காட்டினேன். எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே முப்பதாம் நம்பர் ஒயிலைத்தான் கியர்ப் பெட்டிக்கும் ஊற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். ஆனால் அப்துல் ஹமீட் ஹாஜியாரின் காரை ஓட்டுகிற முகைதீன்பாவா, தொண்ணூறாம் நம்பர் தடித்த ஒயில் ஊற்றுகிறார். அந்தப் பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டும் ஒரே கம்பனிக் கார். அது நாற்பத்தெட்டாம் வருட மொடல், என்னுடையது ஐம்பத்திரண்டு.

நேற்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்டிகள் அச்சொட்டாக ஒன்றுதான். இரண்டுக்கும் நான்கு கியர். ஓட்டிப் பார்த்ததில் ஒரே ஒரு வித்தியாசம் கண்டேன். ஹாஜியாரின் காரில் கியரைக் குறைக்கும்போது கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்ப் பல் நெரிபடும். என்னுடையதில் ஒரு தரம் மிதித்தாலே போதும், தானாகப் போய் விழுகிறது.

முப்பதா, தொண்ணூறா? நீங்கள் சொல்வதுதான் முடிவு. அதுவரை பழைய ஒயிலோடு மெதுவாக ஓட்டுகிறேன்.

உங்கள் துஆவை நாடும்
றஸாக்

*

கொழும்பு, மருதானை
20.11.1953

அன்பு மச்சான் றஸாக் அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். முதுகைப் பற்றி உம்மா கவலைப்பட வேண்டாம், பெண்ணைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.

ஒயில் விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா? அந்தப் புத்தகத்தை மாஸ்டரிடமே கொடுத்துவிடுங்கள். அது பனி பெய்கிற சீமைக்கு எழுதியது. நம்முடைய வெயிலுக்கும் புழுதிக்கும் முப்பதாம் நம்பர் தண்ணீராகிவிடும், பல்லில் ஒட்டி நிற்காது. நாற்பத்தெட்டு மொடல் பெட்டியை நான் இந்தக் கையால் எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஐம்பத்திரண்டும் அதே வார்ப்புத்தான். வெளியே ஒன்றாக இருப்பது உள்ளே வேறாக இருக்குமா? கிளச்சை ஒரு தரம் மிதிப்பதும் இரண்டு தரம் மிதிப்பதும் ஓட்டுகிறவன் கையைப் பொறுத்தது. முகைதீன்பாவாவின் கை எனக்குத் தெரியாததா?

தொண்ணூறாம் நம்பரையே ஊற்றுங்கள். கந்தகம் சேர்த்த புது ஒயில் ஒன்று இப்போது வருகிறது. கல்முனையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பல் தேயாது. ஊளையும் நிற்கும்.

உம்மாவுக்கும் பரீனாவுக்கும் என் ஸலாம்.

ஸலாஹுதீன்

*

மருதமுனை
3.12.1953

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம். உங்கள் நலத்துக்குத் தொழுகைதோறும் துஆச் செய்கிறோம்.

ஒயில் ஊற்றியாயிற்று. புத்தகத்தில் இப்படி இருக்கிறதே என்று நான் கொஞ்சம் இழுத்தது உண்மை. உம்மா விடவில்லை. “மாஸ்டருக்குப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் தெரியும். எண்ட மகன் பத்து வரிசமாக் காருக்குள்ளதான் கிடக்கான். அவன் செல்லிட்டா அது சரிதான். ஊத்துங்க மருமகன்” என்றார். உம்மா சீதனமாகத் தந்த வீட்டில் குடியிருந்துகொண்டு உம்மாவின் மகன் சொல்லை நான் தட்டலாமா? நம் ஊர் மாப்பிள்ளைமாரின் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கலியாணம் முடித்து ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், விளங்கும்.

ஆனால் மச்சான், ஊளை நின்றுவிட்டது! கல்லாறு வரை ஓட்டிப் பார்த்தேன், பெட்டி வாய் திறக்கவில்லை. நாற்றம்தான் சகிக்க முடியவில்லை, பரீனா மூக்கைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். உம்மா உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், தன் மகன் கொழும்பிலிருந்து கடிதத்திலேயே காரைச் சுகப்படுத்திவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

றஸாக்

*

மருதமுனை
18.1.1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, ஸலாம். நாங்கள் சுகம். உம்மாவுக்கு மட்டும் இரண்டு கிழமையாக நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறோம், பயப்பட வேண்டாம்.

முந்திய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை மும்முரம் என்று நினைக்கிறேன். தொந்தரவு கொடுப்பதற்கு மன்னியுங்கள். ஒரு மாதமாகக் கியர் போடுவது கடினமாக இருக்கிறது. விடியற்காலையில் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருக்கிறது. முன்னர் ஒரு மிதியில் விழுந்தது, இப்போது நெரிபடுகிறது. பெட்டியின் கீழ் ஆணியைக் கழற்றிக் கொஞ்சம் ஒயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். பொன்நிறத்தில் தூள் மினுங்குகிறது. இரும்புத் தூள் இந்த நிறத்தில் இருக்குமா? மீண்டும் முப்பதாம் நம்பருக்கு மாற்றட்டுமா? உம்மாவிடம் இதைக் கதைக்கவில்லை. உங்களிடம் மட்டும் கேட்கிறேன்.

றஸாக்

*

கொழும்பு
2.2.1954

மச்சான், ஸலாம். வேலை தலைக்கு மேல் கிடப்பதால் தபால் அட்டையில் எழுதுகிறேன். தடித்த ஒயில் படியும் வரை அப்படித்தான் இருக்கும். தூள் எந்தப் பெட்டியிலும் வரும். ஒன்றையும் மாற்ற வேண்டாம். முகைதீன்பாவா போல் இரண்டு தரம் மிதித்துப் போடுங்கள். உம்மாவைக் குளிர் காற்றில் இருக்க விடாதீர்கள். நோன்புக்கு வருவேன் என்று சொல்லுங்கள்.

ஸலாஹுதீன்

*

கொழும்பு
9.3.1954

தங்கை பரீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை. உன் சுகத்தை அறிய விரும்புகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

நம் உம்மா நம்மை விட்டு மௌத்தாகி இன்று பதின்மூன்று நாள். தந்தி கிடைத்ததும் மாற்றுடுப்புக்கூட எடுக்காமல் ரெயில் ஏறினேன். ரெயில் பிந்தியதால் மட்டக்களப்பில் இறங்கும்போது காலை பத்து மணியாகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் கல்முனை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டேன். அப்போதுதான் உன் மாப்பிள்ளை றஸாக் ஓடி வந்து, “மச்சான், இறங்குங்க. கார் இரிக்கி. பகல் லுஹருக்கு முந்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பன்” என்றார். இறங்கினேன். அந்த ஒரு காலை எடுத்ததற்கு இன்றைக்கும் என்னையே நோகிறேன்.

களுதாவளையில் கார் நின்றது. கியர் இறுகிப்போய் முன்னேயும் அசையவில்லை, பின்னேயும் அசையவில்லை. மேல் மூடியைக் கழற்றி ஒரு மணி நேரம் நான் போராடினேன். பக்கத்து வயலில் நின்ற வேலப்போடி என்ற ஒரு கமக்காரர் இரங்கி மாட்டு வண்டில் பூட்டித் தந்தார். வந்து சேர மூன்று மணி. உம்மாவின் மையத்தை அடக்காமல் வைத்திருக்கக் கூடாது என்று லுஹர் தொழுததும் அடக்கிவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை, அதுதான் முறை. நான் கண்டது ஈரமான மண்ணை மட்டும்.

உம்மாவை அடக்கிய மையவாடியில் ஊர் முன்னால் நான் சத்தம் போட்டது உனக்கும் கேட்டிருக்கும். “இவன்ட கவனமில்லாத்தனத்தாலதான் உம்மாட முகத்தப் பார்க்கக் கிடைக்கல்ல” என்று சொன்னேன். சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன். ஹயர் காரை வைத்து உழைக்கிறவருக்கு அதன் கியர்ப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அவர் ஓட்டுகிற காரில் இனி நான் ஏற மாட்டேன். அந்த வாசலுக்கும் வருவேனோ தெரியாது. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் காக்கா
ஸலாஹுதீன்

*

மருதமுனை
21.3.1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனத்துக்கு அல்லாஹ் ஆறுதல் தரட்டும்.

பரீனாவுக்கு வந்த கடிதத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. அழுகையைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். உங்களை பஸ்ஸிலிருந்து இறக்கியது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. காரை வண்டிலில் கட்டி இழுத்து வந்து, பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சில சாமான்கள் போய்விட்டன. பழைய கார் ஒன்றிலிருந்து ஒரு பெட்டி எடுத்துப் போட்டிருக்கிறேன். பழுது எப்படி வந்தது என்பதைப் பற்றி இனி யோசித்து என்ன.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஏப்ரல் ஐந்தாம் திகதி. மூத்த பிள்ளை நீங்கள் இல்லாமல் எப்படி ஓதுவது? என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாவிட்டால், அன்றைக்கு நான் கல்முனையில் நின்றுகொள்கிறேன். நீங்கள் வாருங்கள்.

றஸாக்

*

மருதமுனை
5.6.1954

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, பெருநாள் ஸலாம். நாற்பதுக்கு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நோன்பிலும் பார்த்தோம். நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று ஒரு வரி பரீனாவுக்கு எழுதினால் போதும், எனக்கு எழுத வேண்டாம்.

றஸாக்

*

கொழும்பு
17.8.1954

என் மச்சான் றஸாக் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐந்து மாதம் உங்களுக்கு ஸலாம் சொல்லாத கையால் இதை எழுதுகிறேன். பதில் ஸலாம் சொல்ல மனம் இருந்தால் சொல்லுங்கள்.

போன கிழமை எங்கள் கராஜுக்கு ஒரு டாக்டரின் கார் வந்தது. ஐம்பத்திரண்டு மொடல், உங்களுடையதே. கியர் இறுகிப் போய், களுதாவளையில் நின்றதைப் போலவே நின்றுவிட்டது. பெட்டியை நானே இறக்கினேன். ஒயிலை வடித்தபோது அந்தக் கந்தக நாற்றம் வந்தது. பிளந்து பார்த்தேன். கியர்களுக்கு நடுவில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன மச்சான். நாற்பத்தெட்டில் அவை இல்லை. அவை இருப்பதால்தான் கிளச்சை ஒரு தரம் மிதித்தாலே கியர் விழுகிறது. கந்தகம் சேர்த்த ஒயில் இரும்பை ஒன்றும் செய்யாது, பித்தளையைத் தின்றுவிடும். வளையங்கள் கையில் எடுக்க எடுக்க உதிர்ந்தன. உடைந்த துண்டுதான் பல்லுக்குள் போய்ச் சிக்கியிருந்தது. முப்பதாம் நம்பர் என்று புத்தகம் சொன்னது சீமைக் குளிருக்காக அல்ல.

பக்கத்து மேசையில் ஒரு நாற்பத்தெட்டு மொடல் பெட்டியும் திறந்து கிடந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் அறைக்குப் போய் உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஒரு தரம் மிதித்தால் போதும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பொன்நிறத் தூள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரின் அடியில் படுத்து நீங்கள் கண்டதை, பத்து வருடம் காரைப் பிரித்த நான் காணவில்லை. காண விரும்பவில்லை. கடிதத்திலேயே காரைச் சுகப்படுத்துகிறவன் என்ற பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

உம்மாவின் முகத்தை எனக்கு இல்லாமல் ஆக்கியது நான்தான். களுதாவளையில் வேலப்போடி, “ஏறுங்க தம்பி, கார் கிடக்கட்டும்” என்று முதலிலேயே சொன்னார். ஐந்து நிமிடத்தில் சரிசெய்கிறேன் பார் என்று நான்தான் ஒரு மணி நேரத்தைத் தின்றேன்.

நான் சொன்ன ஒயிலால்தான் பழுது வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் கழற்றி வைத்த பெட்டிக்குப் புது வளையங்கள் வாங்கி வைத்திருக்கிறேன், நானே வந்து பூட்டித் தருகிறேன்.

பாவி
ஸலாஹுதீன்

*

மருதமுனை
29.8.1954

காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு சுகமாக இருக்க அல்லாஹ் காவல்.

அவர் பதில் எழுத மாட்டேன் என்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியும். உம்மா மௌத்தான மூன்றாம் நாளே தெரியும். பெட்டியைக் கழற்றி, அந்தப் பித்தளைத் துண்டுகளை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு வந்து என்னிடம் காட்டினார். ஊருக்குக் காட்டுங்கள், காக்காவின் கடிதம் உம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது, அதையும் எடுத்துக் காட்டுங்கள் என்று நானே சொன்னேன். “உம்மாவ இழந்துட்டு நிக்கிற மனிசனுக்கு இதையுமா செல்லச் செல்றாய்? பேசாம இரி” என்று அதட்டினார். என்னை அதட்டியது அந்த ஒரு நாள்தான்.

நீங்கள் மையவாடியில் ஒரு நாள் கத்திவிட்டுப் போனீர்கள். ஊர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. பெற்ற தாயின் மையத்துக்கு மகனைக் கொண்டுவந்து சேர்க்காத கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கலியாணத்துக்குப் பிடிக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் பிடிக்க மாட்டார்கள். விடிந்ததும் காரைக் கழுவிச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்துவார், பின்னேரம் அஸருக்கு அப்படியே கொண்டுவருவார். ஆடி மாதம் காரை அக்கரைப்பற்று ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார். இப்போது ஹமீட் ஹாஜியாரின் தறிக்கொட்டிலில் நூல் சுற்றுகிறார். கார் பிடித்த கை, நூல் அடிக்கடி அறுந்துபோகிறது என்று சிரிக்கிறார்.

வளையம் வாங்கி வைத்திருக்கிறீர்களாம். எதில் பூட்டப்போகிறீர்கள் காக்கா?

கோபத்தில் எழுதிவிட்டேன். நீங்களும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், கோபித்துக்கொள்ள வேறு யார் எனக்கு இருக்கிறார்கள்?

பரீனா

*

கொழும்பு
12.9.1954

மச்சான், தங்கை இருவருக்கும் ஸலாம்.

பரீனாவின் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். அவள் எழுதியது எல்லாம் சரி.

அக்டோபர் எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை ஊரில் இருப்பேன். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில், எல்லாரும் கேட்க, நடந்ததைச் சொல்வேன். என் வாயால் போன உங்கள் பெயரை என் வாயாலேயே திருப்பித் தருவேன். தடுக்காதீர்கள் மச்சான். இதையாவது செய்யவிடுங்கள்.

ஸலாஹுதீன்

*

மருதமுனை
20.10.1954

அன்பும் மதிப்பும் உள்ள மச்சான் அவர்களுக்கு, வ அலைக்கும் ஸலாம் வரஹ்மதுல்லாஹ்.

நல்லபடியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. இங்கு நாங்கள் சுகம். நீங்கள் வந்து போனதிலிருந்து பரீனா நன்றாகச் சாப்பிடுகிறாள். நீங்கள் கொண்டுவந்த வளையங்களை அவள் உம்மாவின் பெட்டகத்தில் வைத்திருக்கிறாள்.

இப்போது ஊர் என்ன சொல்கிறது, யாராவது வேலைக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவருக்கொருவர் மறைத்துக் கெட்டது போதும் என்று பரீனா சொல்கிறாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

நீங்கள் பள்ளி முற்றத்தில் நின்று அழுதுகொண்டு சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். அடுத்த நாள் காலையில் நான் தேத்தண்ணீர்க் கடைக்குப் போனேன், நாலு மனிதர் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்று. முகைதீன்பாவா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா ஸலாஹுதீன்ட மனச? மச்சான் செஞ்ச பிழையத் தன்ட தலையில போட்டுக்கிட்டான். தங்கச்சிட வாழ்க்கைக்காகச் செல்றான். மௌத்தான ஆசியா உம்மா பெத்த புள்ளையெல்லோ” என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும், “ஓம், ஓம், அதுதான்” என்றார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். கொழும்பில் பத்து வருடம் கார் பிரித்தவனுக்கு ஒயில் தெரியாமல் இருக்குமா என்று வேறொருவர் கேட்டார். உம்மா எல்லாரிடமும் உங்களைப் பற்றி அவ்வளவு சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது மச்சான். வெளியே வந்த பிறகு சிரிப்பு இல்லை. நீங்கள் கோபத்தில் சொன்னதை ஒரே நாளில் நம்பினார்கள். அழுது சொன்னதை நம்பவில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதினால் அது பொய். களுதாவளையில் நின்றதற்கு வருத்தம் இல்லை. ஒயிலுக்கும் வருத்தம் இல்லை, ஊற்றியது என் கை. மையவாடியில் அன்றைக்கு, பெட்டிக்கு என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குத்தான் வருத்தம்.

ஊரை நம்ப வைக்க ஒரு வழி இருந்தது. என் காரின் முன்சீட்டில் நீங்கள் ஏறி உட்கார்ந்து, கடைத்தெரு வழியாக ஒருமுறை வந்திருந்தால் போதும். ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்காது. அதற்கு இப்போது கார் இல்லை.

நூல் வேலை கை வந்துவிட்டது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்த லீவுக்கு வாருங்கள். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸிலேயே வாருங்கள். வந்து யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பஸ் நிற்கிற இடத்தில் நான் நிற்பேன். இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக வீடு வரை நடந்து வருவோம். நடந்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

உங்களைப் பார்த்திருக்கும்
றஸாக்